பரத்பூரில் சைபீரியக் கொக்கு "100% உறுதி" என்று விற்கும் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் படியுங்கள்

குளிர்கால ராஜஸ்தான் பறவைச் சுற்றுலா என்று ஐந்து நாள் பேக்கேஜ் ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தலைக்கு 27,500 ரூபாய், விமான டிக்கெட் தனி. போஸ்டரில் சிவந்த முகமும் தூய வெள்ளை உடம்புமாக ஒரு சைபீரியக் கொக்கு. கீழே "பரத்பூரில் நேரில் காணலாம், 100% உறுதி". எங்கள் பறவை நோக்கர் குழுவில் புதிதாகச் சேர்ந்த சிலர் இந்த ஜனவரியில் அதில் போய்வந்து, எடுத்த படங்களை அடையாளம் கேட்டு அனுப்பினார்கள். "சைபீரியன்" என்று பெயரிட்ட படங்களில் ஒன்றுகூடக் கொக்கு இல்லை. அதன் பிறகு அவர்களுடைய பயணத்திட்டம், ரசீது, வவுச்சர் எல்லாவற்றையும் வாங்கி வரிவரியாகப் பார்த்தோம். ஏற்பாட்டாளரின் பெயரை இங்கே போடவில்லை. அதே போஸ்டர் வேறு பெயர்களிலும் வருவதால் பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

ஒரு விளக்கம்: இந்தப் பதிவில் கொக்கு என்று எழுதுவது கிரேன் குடும்பத்தை. வயலில் மாட்டின் பின்னால் நடக்கும் வெள்ளைப் பறவை வேறு குடும்பம். அதை வெண்கொக்கு என்று எழுதுகிறோம்.

முதல் பொய் போஸ்டரிலேயே இருக்கிறது. பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்கு 1964-65 குளிர்காலத்தில் சுமார் 200 சைபீரியக் கொக்குகள் வந்தன. பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, 2001-02 குளிர்காலத்தில் ஒரே ஒரு ஜோடி வந்து போனது. அதோடு முடிந்தது. கஜகஸ்தான், ஆப்கானிஸ்தானின் ஆப்-இ-எஸ்தாதா ஏரி, பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த கூட்டம் அது. வழியெங்கும் வேட்டை, வற்றிய நீர்நிலைகள். இன்று உலகில் மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய எல்லாமே சீனாவின் போயாங் ஏரிப் பக்கம்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஈரானின் ஃபெரிதுன்கெனாருக்குப் பல ஆண்டுகளாகத் தனியாக வந்த ஒற்றைப் பறவைக்கு "ஓமித்" என்று பெயரே வைத்திருந்தார்கள். அந்த அளவுக்கு அரிது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வராத பறவைக்கு 100% உறுதி தருகிறவரிடம் மற்ற விவரங்களைக் கேட்கவே வேண்டியதில்லை. ஆனாலும் பூங்காவின் பழைய புகழும், 1985-இல் கிடைத்த உலகப் பாரம்பரியத் தகுதியும், அந்தக் காலத்துப் புகைப்படங்களும் இணையத்தில் கிடப்பதால் வியாபாரம் ஓடுகிறது.

பணம் கட்டிப் போனவர்களுக்கு எதையாவது காட்டியாக வேண்டுமே. காலை மூடுபனியில், இருநூறு மீட்டர் தூரத்தில், கருவேல மரத்தின் உச்சியில் வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருக்கும். "வோ தேக்கோ சாப், சைபீரியன்" (அதோ பாருங்கள் சார், சைபீரியன்) என்பார் வழிகாட்டி. எங்களுக்கு வந்த படங்களில் பாதி இதுதான்: நத்தை குத்தி நாரை. அழுக்கு வெள்ளை உடம்பு, கறுத்த இறக்கை, மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் அலகு. மீதியில் கரண்டிவாயன் சில, பெரிய வெண்கொக்கு சில. ஒருவர் சங்குவளை நாரையின் கூட்டையே படமெடுத்து வந்திருந்தார். கூந்தன்குளத்தில் ஊர்க்காரர்களின் வீட்டு மரத்தில் கூடு கட்டும் அதே பறவை.

நேரில் நிற்கும்போது ஏமாறாமலிருக்க மூன்று சோதனை போதும்.

முதலாவது மரம். நம் நாட்டில் காணக்கூடிய எந்தக் கொக்கும் மரத்தில் உட்காராது. பின்விரல் சிறிதாக, மற்ற விரல்களைவிட மேலே தூக்கி அமைந்திருப்பதால் கிளையைப் பற்ற முடியாது. மரத்தில் இருப்பதைக் காட்டி "கிரேன்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இரண்டாவது பறக்கும்போது கழுத்து. கொக்கு கழுத்தை நேராக நீட்டிப் பறக்கும். வெண்கொக்கு கழுத்தை மடித்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நாரையும் கரண்டிவாயனும் நீட்டியே பறப்பதால் இந்தச் சோதனை மட்டும் போதாது. இறக்கையையும் பார்க்க வேண்டும். சைபீரியக் கொக்கின் இறக்கை நுனியில் மட்டும் கறுப்பு, நிற்கும்போது அது தெரியவே தெரியாது. நத்தை குத்திக்கு இறக்கையின் பின்விளிம்பு முழுவதும் கறுப்பு, நிற்கும்போதும் தெரியும். கரண்டிவாயன் முழு வெள்ளை. மூன்றாவது சத்தம். பெரும்பாலான கொக்குகளின் மூச்சுக்குழல் மார்பெலும்புக்குள் சுருண்டு நீண்டிருப்பதால் குரல் எக்காளம் போல வெகுதூரம் கேட்கும். வளர்ந்த நாரைக்குக் குரலே கிடையாது என்று சொல்லலாம், அலகைத் தட்டி ஓசை எழுப்பும்.

கேவலாதேவில் கொக்கே இல்லையா என்றால் இருக்கிறது. சாரசக் கொக்கு, உலகிலேயே உயரமான பறக்கும் பறவை. நிமிர்ந்து நின்றால் ஆறடி வரை வரும். சாம்பல் உடம்பு, தலையும் மேல்கழுத்தும் சிவப்பு. வலசை வருவதில்லை, ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும். பெரும்பாலும் ஜோடியாக, சில சமயம் ஒரு குஞ்சோடு நிற்கும். இதைத்தான் நேர்மையான ஏற்பாட்டாளர் போஸ்டரில் போடுவார். ஆனால் பிரதான சாலையை ஒட்டி எப்போதும் நிற்காது. உள்ளே புல்வெளிப் பக்கம் நடந்தோ சைக்கிளிலோ போக வேண்டும். ஒரு மணி நேரம் ரிக்‌ஷாவில் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் பேக்கேஜில் அதற்கும் வாய்ப்பு குறைவு.

பூங்கா வாசலில் நடப்பதையும் சொல்ல வேண்டும். நுழைவுச் சீட்டு, ரிக்‌ஷா, வழிகாட்டி மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம், ரிக்‌ஷாவும் வழிகாட்டியும் மணிக்கணக்கு. கட்டண விவரம் வாசலிலேயே கிடைக்கும். இவர்களுடைய வவுச்சரில் "பூங்கா சஃபாரி உட்பட" என்று இருந்தது. வாசலில் போய்ப் பார்த்தால் நுழைவுச் சீட்டு மட்டும்தான். ரிக்‌ஷாவுக்கும் வழிகாட்டிக்கும் அங்கேயே கையிலிருந்து கொடுத்தார்கள். வந்த வழிகாட்டியிடம் வனத்துறை அடையாள அட்டை இல்லை, ஓட்டல்காரர் அனுப்பிய ஆள். அங்கீகாரம் பெற்றவர்கள் அட்டையோடு வாசலிலேயே இருக்கிறார்கள், அவர்களில் பலர் நல்ல திறமைசாலிகள். ரிக்‌ஷாக்காரர்களிலேயே பறவைகளை நுணுக்கமாக அறிந்தவர்கள் உண்டு. அவர்கள் யாரும் சைபீரியன் காட்டுகிறேன் என்று சொல்வதில்லை.

இன்னொன்று, "இன்று உள்ளே தண்ணீரே இல்லை சார், பக்கத்தில் நல்ல குளம் இருக்கிறது" என்று வெளியே கூட்டிப்போவது. இதில் பாதி உண்மை கலந்திருப்பதால்தான் நம்புகிறார்கள். கேவலாதேவின் சதுப்பு இயற்கையாக ஊறுவதல்ல. அஜான் அணைக்கட்டிலிருந்து வாய்க்காலில் வந்த தண்ணீர், பாஞ்சனா அணை வந்தபிறகு வெகுவாகக் குறைந்துபோய், சம்பல் தண்ணீரும் கோவர்தன் வடிகால் தண்ணீரும் கொண்டுவரும் நிலை. மழை பொய்த்த ஆண்டில் உள்ளே பல தொட்டிகள் காய்ந்தே கிடக்கும். இதைப் பூங்கா அலுவலகத்தையோ வாசல் வழிகாட்டிகளையோ கேட்டால் அக்டோபரிலேயே தெரிந்துவிடும். பயணத் தேதி குறிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. வாசலில் நிற்கும்போது டிரைவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதல்ல.

மூடுபனியையும் கணக்கில் எடுக்காத திட்டம் இது. டிசம்பர் கடைசி, ஜனவரியில் காலை ஒன்பது, பத்து மணி வரை எதுவும் தெரியாத நாட்கள் சாதாரணம். டெல்லிப் பக்கம் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அதனால் பரத்பூருக்கு ஒரே ஒரு காலை ஒதுக்கும் எந்தப் பேக்கேஜையும் வாங்காதீர்கள். குறைந்தது இரண்டு காலை, இரண்டு மாலை வேண்டும்.

அடுத்தது கீசன். உண்மையில் கொக்குக் கூட்டம் பார்க்க வேண்டுமென்றால் போகவேண்டிய இடம் இதுதான், இந்தப் பேக்கேஜில் மிக மோசமாகக் கெடுத்ததும் இதைத்தான். மேற்கு ராஜஸ்தானின் பலோதி நகரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவில் உள்ள கிராமம். 1970-களில் ஊரைச் சேர்ந்த ஜைனர் ஒருவர் புறாக்களுக்குத் தானியம் போடத் தொடங்க, டெமாய்செல் கொக்குகளும் இறங்க ஆரம்பித்து, இன்று ஆயிரக்கணக்கில் வருகின்றன. உள்ளூரில் குர்ஜா என்பார்கள். கொக்குகளிலேயே சிறியது, உயரம் மூன்றடி அளவு. சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, மார்பில் தொங்கும் கறுப்பு இறகு, சிவப்புக் கண்ணின் பின்னால் வெள்ளைக் குஞ்சம். மங்கோலியா, கஜகஸ்தான் பக்கமிருந்து ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் வரத் தொடங்கி மார்ச்சில் திரும்பும். 2025 ஜூனில் கீசனுக்கு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியும் கிடைத்தது. இங்கேயும் இதைச் "சைபீரியன்" என்று சொல்லிக் காட்டியிருக்கிறார்கள்! இந்தப் பறவைக்கு இருக்கிற பெருமை போதாதென்று இன்னொன்றின் பெயர்.

திட்டத்தில் இரண்டாம் நாள் மதியம் பரத்பூரிலிருந்து கிளம்பி "மாலை கீசன் வந்தடைதல்" என்று அச்சிட்டிருந்தார்கள். வரைபடத்தைத் திறந்தாலே தெரியும்: ஜெய்ப்பூர், ஜோத்பூர் வழியாக ஏறக்குறைய 650 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினாலே பதினோரு, பன்னிரண்டு மணி நேரம். இரண்டு மணிக்குக் கிளம்பிய வண்டி பலோதி ஓட்டலை அடைந்தபோது விடியற்காலை மூன்றரை. தூங்கி எழுந்து ஊருக்குள் போனபோது பத்தரை. தீனிக்களம் காலி.

கீசனில் எல்லாமே நேரக் கணக்கு. வேலியிட்ட தீனிக்களத்தில் தானியத்தை முன்கூட்டியே பரப்பி வைத்துவிடுவார்கள். ஜனவரியில் அந்தப் பக்கம் சூரியன் எழ ஏழரை ஆகும். வெளிச்சம் வந்ததும் கூட்டம் கூட்டமாக வந்து மேலே வட்டமிடும். முதலில் சில இறங்கித் தயங்கும், பிறகு அணை உடைந்த மாதிரி மொத்தமும் இறங்கும். நாய் குரைத்தாலோ யாராவது வேலியருகே ஓடினாலோ எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி மறுபடி வட்டமிட ஆரம்பிக்கும். ஒன்பதரைக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஏழு மணிக்கு முன் களத்தின் ஓரத்து வீட்டு மாடியில் அசையாமல் இருக்க வேண்டும். வீட்டுக்காரரை முந்தின நாளே பார்த்து அனுமதி கேட்டு வைப்பது மரியாதை. தானியத்துக்கு நன்கொடை கொடுக்க விரும்பினால் களத்தை நடத்துகிறவர்களிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள், டிரைவர் கையில் கொடுக்காதீர்கள். தீனி தவறினாலும் முழுதும் போய்விடாது: முற்பகலில் ராத்ரி நாடி, விஜய்சாகர் குளங்களுக்குத் தண்ணீர் குடிக்க வரும், அங்கே அமைதியாகப் பார்க்கலாம். பத்தரைக்குப் போனவர்களை அங்கே கூட்டிப்போயிருந்தாலே பாதி நஷ்டம் தீர்ந்திருக்கும். "எல்லாம் முடிந்தது" என்று டிரைவர் வண்டியை ஜெய்ப்பூர் பக்கம் திருப்பிவிட்டார்.

சரியாகப் போக வேண்டுமென்றால் பரத்பூரையும் கீசனையும் ஒரே ஐந்து நாளில் சேர்க்காதீர்கள். கீசனுக்கு ஜோத்பூர் வரை விமானம் அல்லது ரயில், அங்கிருந்து சாலையில் 140 கிலோமீட்டர் அளவு. ஜோத்பூர்-ஜெய்சால்மர் ரயில் பாதையிலேயே பலோதி நிலையம் இருக்கிறது. முதல் நாள் மாலையே போய்த் தங்கி, இரண்டு காலை வைத்துக்கொள்ளுங்கள். விடியலில் குளிர் ஐந்து டிகிரி வரை இறங்கும். மாடியில் இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கக் காதுக்குல்லாவும் கையுறையும் தேவை.

கருவி வாடகை என்று தலைக்கு 1,500 ரூபாய் வாங்கியிருந்தார்கள். கொடுத்தது 20×50 பைனாகுலர். 20 மடங்கு பெருக்கத்தைக் கையில் பிடித்தால் படம் ஆடிக்கொண்டே இருக்கும், பார்வைப் பரப்பும் குறுகல். ஒன்றின் உள்ளே பூஞ்சை படிந்திருந்தது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சிலந்தி வலை போல இழைகள் தெரியும். இந்த வேலைக்கு 8×42 போதும். கீசன் மாடியிலிருந்து 200 மி.மீ. லென்ஸே நன்றாக எடுக்கும், கேவலாதேவில் 400 மி.மீ. வேண்டியிருக்கும்.

"ஃப்ளைட் ஷாட்" என்ற பெயரில் பறவைகளைக் கைதட்டி எழுப்புவதும் அந்தப் பேக்கேஜில் சேவையாக விற்கப்படுகிறது. குளிர்காலத்தில் வீணாகப் பறக்கும் ஒவ்வொரு முறையும் அதுவரை தின்றது செலவாகிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் விலங்குகளைச் சீண்டுவதும் தொந்தரவு செய்வதும் தடை. அனுமதியில்லாமல் ட்ரோன் ஏற்றினாலும் மாட்டுவது அதை ஏற்றிய நீங்கள்தான், ஏற்பாட்டாளர் அல்ல. 2021 நவம்பரில் ஜோத்பூர் மாவட்டத்துக் காப்பர்டாவில் டெமாய்செல் கொக்குகள் பறவைக் காய்ச்சலில் செத்தன. செத்த, சோர்ந்த பறவையைப் படத்துக்காகத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி. முன்பணம் யுபிஐ-யில் தனிநபர் எண்ணுக்குப் போயிருக்கிறது, ஜிஎஸ்டி பில் இல்லை. நிறுவனக் கணக்குக்குக் கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலம் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருந்திருக்கும். நிபந்தனைகளின் கடைசி வரியில் "பறவைகள் தென்படுவது இயற்கையைப் பொறுத்தது" என்று இருப்பதைக் காட்டி மறுக்கிறார்கள். வராத பறவையை உறுதி என்று விளம்பரம் செய்தது தவறான விளம்பரம். அந்த வரி அதைக் காப்பாற்றாது என்பது எங்கள் கருத்து. போஸ்டரின் ஸ்கிரீன்ஷாட், தேதி தெரியும் வாட்ஸ்அப் உரையாடல், பயணத்திட்டம், பணம் அனுப்பிய விவரம், எடுத்த படங்கள் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். சரியாகவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ராஜஸ்தானுக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே பதியலாம். பணம் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

1915-க்குப் புகார் போன பிறகு ஏற்பாட்டாளர் அடுத்த பயணத்துக்கு 3,000 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று எழுத்தில் பதில் போயிருக்கிறது. மாவட்ட ஆணையத்துக்கான மனு தயாராகிறது. இதே பேக்கேஜில் போனவர்கள் ரசீதை எடுத்து வையுங்கள்.