பதினான்கா, ஒன்று-நான்கா? இரண்டு வருடம் கூடவே இருந்த ஒரு ரிவிஷன் புத்தகம்

பல் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் ஜூனியர் ஒருத்தி போன வாரம் கேட்டாள்: “அக்கா, நீங்க வச்சிருந்த அந்தப் புத்தகத்துக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கு. வாங்கலாமா?” வாங்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அதிலிருந்த 14 என்ற பல் எண் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கூடவே கோபமும். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அனாடமி முதல் டென்டல் மெட்டீரியல்ஸ் வரை எல்லாவற்றையும் ஒரே தொகுதியில் அடக்கிய புத்தகம். பாடச் சுருக்கம், கொள்குறி வினா, விளக்கத்தோடு விடை என்ற வழக்கமான அமைப்பு. இரண்டு வருடம் தினமும் புரட்டினேன். முதுகு பிரிந்து, இரண்டு முறை ஒட்டியாகிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நாக்கைப் பற்றி அதில் ஒரே ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்காகவே எழுதியவர்களுக்கு நன்றி சொல்லலாம். நாக்கின் நரம்புகளைக் கல்லூரியில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தவள் நான். பத்து நாளில் மறந்துபோகும், திரும்பப் படிப்பேன், திரும்ப மறக்கும். இந்தப் புத்தகம் அட்டவணையே போடவில்லை. கருவில் நாக்கு எங்கிருந்து உருவாகிறது என்று தொடங்குகிறது. முன் மூன்றில் இரண்டு பங்கின் மேல்தோல், கருவின் தொண்டைப் பகுதியில் தோன்றும் வளைவுகளில் முதலாவதிலிருந்து வருகிறது, அதனால் அதன் தொடு உணர்வு ட்ரைஜெமினல் நரம்பின் கிளையான லிங்குவல் வழியாகப் போகிறது. அங்கே சுவைக்கு மட்டும் இரண்டாம் வளைவின் ஃபேஷியல் நரம்பு, கார்டா டிம்பானி என்ற கிளையாக வந்து சேருகிறது. பின் மூன்றில் ஒரு பங்கு பெரும்பாலும் மூன்றாம் வளைவு. தொடுதல், சுவை இரண்டுக்கும் குளோசோஃபேரிஞ்சியல் நரம்பு. தசைகளோ வளைவுகளைச் சேர்ந்தவையே அல்ல. தலையின் பின்புறச் சோமைட்டுகள் என்ற கருத் திசுத் துண்டுகளிலிருந்து நகர்ந்து வந்தவை, வரும்போதே ஹைபோகுளோசல் நரம்பையும் கூட்டி வந்தவை. பாலடோகுளோசஸ் என்ற தசை மட்டும் விதிவிலக்கு, அதற்கு வேகஸ் நரம்பு. இவ்வளவுதான். ஒருமுறை படித்தேன், இன்றுவரை மறக்கவில்லை. ஊர் தெரிந்தால் வழி தானாகத் தெரியும் என்பது போல, பிறப்பிடம் தெரிந்தால் நரம்பு தெரிந்துவிடுகிறது.

மருந்தியலிலும் இதே கவனம் தெரிகிறது. மரப்பு மருந்தான லிடோகைன் 2 சதவீதம் என்றால் 1 மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம், ஆகவே 1.8 மில்லிலிட்டர் கார்ட்ரிட்ஜில் 36 மில்லிகிராம் என்று படிப்படியாகச் செய்து காட்டுவார்கள். பயோகெமிஸ்ட்ரி மெலிவு. வைட்டமின் சி இல்லாவிட்டால் கொலாஜன் புரதத்தில் புரோலினும் லைசினும் ஹைட்ராக்சில் பெறாது, அதனால்தான் ஸ்கர்வியில் ஈறு கசிகிறது என்ற ஒரு விளக்கம் மட்டும் நெஞ்சில் நிற்கிறது. மைக்ரோபயாலஜி பரவாயில்லை.

சரி, 14-க்கு வருகிறேன்.

பற்களுக்கு எண் தர ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. எஃப்டிஐ முறையில் முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்று சொல்லும், இரண்டாவது இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்று சொல்லும். அதில் 14 என்பது மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல். யுனிவர்சல் முறையில் மேல் வலது ஞானப்பல்லில் 1 என்று தொடங்கி, மேல் தாடையைச் சுற்றி, கீழே இறங்கி, கீழ் வலது ஞானப்பல்லில் 32 என்று முடியும். அதில் 14 என்பது மேல் இடது முதல் கடைவாய்ப்பல். இந்தப் புத்தகம் அத்தியாயத்துக்கு அத்தியாயம் முறையை மாற்றுகிறது. எங்கேயும் ஒரு குறிப்புகூடக் கிடையாது!

வாயால் சொன்னால் இந்தக் குழப்பம் வராது. எஃப்டிஐயில் பதினான்கு என்று சொல்லவே கூடாது, ஒன்று-நான்கு என்றுதான் சொல்ல வேண்டும். அச்சில் இரண்டும் 14 தானே. லோக்கல் அனஸ்தீசியா அத்தியாயத்தில் ஒரு கேள்வி: 14-ஆம் பல்லின் கூழை, அதாவது உள்ளிருக்கும் நரம்புத் திசுவை, மரக்கச் செய்வதில் முதன்மையான நரம்பு எது? முன்கடைவாய்ப்பல் என்று எடுத்துக்கொண்டு நடு சுப்பீரியர் ஆல்வியோலர் என்று குறித்தேன். விடை, பின் சுப்பீரியர் ஆல்வியோலர். நான் தவறாகப் படித்துவிட்டேன் என்றே நினைத்து மேல் தாடை நரம்பு முழுவதையும் மறுபடி படித்தேன். ஒரு மாலை முழுக்கப் போனது. கேள்வி யுனிவர்சல் முறையில் இருந்தது, தப்பு என்னுடையது இல்லை என்று மூன்று வாரம் கழித்துத்தான் புரிந்தது.

அப்புறம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். நிரந்தரப் பற்களில் 11 முதல் 18, 21 முதல் 28, அதோடு 31, 32 என மொத்தம் 18 எண்கள் இரண்டு முறையிலும் வருகின்றன. அந்தப் பதினெட்டில் ஒன்றுகூட இரண்டிலும் ஒரே பல்லைக் குறிக்கவில்லை. 24 ஒன்றில் மேல் இடது முதல் முன்கடைவாய்ப்பல், இன்னொன்றில் கீழ் இடது நடு வெட்டுப்பல். 18 ஒன்றில் மேல் ஞானப்பல், இன்னொன்றில் கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல். தாடையே மாறிவிடுகிறது! 36, 46 என்றால் பயமில்லை, யுனிவர்சல் 32-உடன் நின்றுவிடும். குழந்தைகள் பல் மருத்துவத்தில் பால்மர் குறியீடும் வருகிறது; அதில் எண்ணோடு சேர்ந்த மூலைக்கோடுதான் எந்தக் கால்பகுதி என்று காட்டும். சில இடங்களில் மூலைக்கோடு அச்சில் விழுந்துபோய் வெறும் 6 மட்டும் நிற்கிறது. நான்கு முதல் கடைவாய்ப்பற்களில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசியில் பின் அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு மாற்றுப் பட்டியல் போட்டு, எந்த அத்தியாயத்தில் எந்த முறை என்று ஓரத்தில் குறித்துவைத்தேன். அதற்குப் பிறகு படிப்பு ஓடியது. தேர்விலும் அடிப்படை அறிவியல் பகுதி எனக்கு நன்றாகவே போனது. அதில் இந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நோயாளியின் வாயில் எண் மாறினால் நல்ல பல்லை எடுத்துவிடும் தொழில் இது. அதைச் சொல்லித்தர வந்த புத்தகம் இந்த ஒரு விஷயத்தில் இப்படி அலட்சியமாக இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜூனியருக்காகப் புதுப் பதிப்பைக் கடையில் புரட்டிப் பார்த்தேன். நாக்குப் பக்கத்தில் படம் இப்போது வண்ணத்தில் வந்திருக்கிறது, இன்னும் தெளிவாகவே இருக்கிறது. பிறகு லோக்கல் அனஸ்தீசியாவுக்குப் போனேன். அதே கேள்வி, அதே 14, அதே விடை. எந்த முறை என்று ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. வாங்காதே என்று சொல்லிவிட்டேன். என் பழைய பிரதி, பென்சில் பட்டியலோடு, இப்போது அவளிடம் இருக்கிறது.