அலியா டைசனா? ஃபைட் நைட் ரவுண்ட் 4ல போட்டே பாத்துட்டோம்

2009ல வந்த பாக்ஸிங் வீடியோ கேமுக்கு இப்ப எதுக்குய்யா ரிவ்யூன்னு கேப்பீங்க. காரணம் எங்கண்ணன். அவன் அலி கட்சி, நான் டைசன் கட்சி, ஸ்கூல் படிச்ச காலத்துலேர்ந்து இந்த வாய்ச்சண்ட ஓடிட்டிருக்கு, இதுவரைக்கும் ஒருத்தனும் ஜெயிச்சதில்ல. இந்த கேமோட அட்டையிலயே முகமது அலியும் மைக் டைசனும் இருக்காங்க, அதப் பாத்ததும் சரி வாயால தீராதத கையால தீத்துக்குவோம்னு பிளேஸ்டேஷன் 3க்கு ஒரு செகண்ட்ஹேண்ட் டிஸ்க் வாங்கிட்டேன். கீறலே இல்லன்னு சொல்லித்தான் வித்தாங்க, திருப்பிப் பாத்தா கோழி கிளறுன மாதிரி இருக்கு. நல்லவேளையா ஓடுச்சு.

மொதல்ல கன்ட்ரோல். குத்து எல்லாமே கன்ட்ரோலரோட வலது ஸ்டிக்லதான். நேரா தள்ளுனா ஜாப் (முன்கையால நேரா விடுற குத்து), பக்கவாட்டுல இழுத்து வளைச்சு மேல கொண்டுபோனா ஹூக் (பக்கவாட்டுலேர்ந்து வளைஞ்சு வர்ற குத்து). மொத ரெண்டு நாள் நான் ஹூக் போடணும்னு நெனைச்சது பாதி நேரம் ஜாபாத்தான் போச்சு, அண்ணன் சிரிச்சே செத்தான். பட்டன் வெச்சு அடிக்கிற வசதி ஆரம்பத்துல கெடயாது, ஜனங்க கத்துனதுக்கப்புறம் அப்டேட்ல குடுத்தாங்க, ஆனா ஸ்டிக் பழகிட்டா பட்டன் பக்கம் போக மாட்டீங்க. கை பழகுனதும் ஆட்டம் செம வேகம்.

இப்ப மேட்டருக்கு வர்றேன். அலி 6 அடி 3 அங்குலம், ரெண்டு கையையும் பக்கவாட்டுல விரிச்சா இந்த விரல் நுனிலேர்ந்து அந்த விரல் நுனி வரைக்கும், அதாவது ரீச், 78 அங்குலம். டைசன் 5 அடி 10, ரீச் 71. இந்த 7 அங்குலத்த பேப்பர்ல நூறு தடவ படிச்சிருக்கேன், ஆனா அது என்னன்னு புரிஞ்சது இந்த கேம்லதான். டைசன எடுத்துக்கிட்டு நான் நேரா போனா ஜாப் மூஞ்சில, இன்னும் ஒரு அடி வெச்சா இன்னொரு ஜாப், நான் அடிக்கிறது காத்துல போகுது. தலைய ஆட்டிட்டே, சாஞ்சு, குனிஞ்சு, ஜாபுக்கு அடியில பூந்துதான் உள்ள போகணும். எதிராளி குத்த தப்பிச்சீங்கன்னா கேம் ஒரு நொடி உங்களுக்கு கவுன்ட்டர், அதாவது திருப்பி அடிக்கிற வாய்ப்பு குடுக்கும், அந்த நொடியில லெஃப்ட் ஹூக்க எறக்குனா அலியே ஆடிப்போவாரு. (அண்ணனையே அவன் இவன்னுதான் சொல்லுவேன், அலின்னா மட்டும் தன்னால அவருன்னு வந்துடுது, எதிர்க்கட்சியா இருந்தாலும்.) டைசனோட குரு கஸ் டமாட்டோ அந்தப் பையனுக்கு கைய கன்னத்துல ஒட்டி வெச்சு தலைய ஆட்டச் சொல்லிக் குடுத்தது ஸ்டைலுக்கு இல்ல, குட்டையா இருக்குறவன் உள்ள பூர்றதுக்கு வேற வழியே இல்லங்கறது ரெண்டு கட்டைவிரலும் வலிச்சப்பத்தான் ஒறச்சுது.

மொத்தம் இருவது ஃபைட் போட்டோம். நான் பதினொண்ணு, அவன் ஒம்போது. ஆனா பெருமைப்பட ஒண்ணுமில்ல, ஏன்னா நான் ஜெயிச்சதுல ஒண்ண தவிர மத்ததெல்லாம் மொத நாலு ரவுண்டுக்குள்ள நாக்அவுட், ஆறாவது ரவுண்ட் தாண்டுன எல்லாமே அவனுக்கு. டைசனோட ஸ்டாமினா எறங்குனதும் கால் நகராது, அண்ணன் வட்டமடிச்சுக்கிட்டே ஜாப் போட்டு பாயின்ட்ஸ் சேத்துருவான். ரவுண்ட் நடுவுல மூலையில உக்காரும்போது சம்பாதிச்ச பாயின்ட்ஸ வெச்சு மூச்சையும் அடிபட்டதையும் சரி பண்ணிக்கலாம், அது கொஞ்சம் மளிகைக் கணக்கு மாதிரிதான் இருக்கு, எனக்குப் பிடிக்கல.

வாய்ச்சண்டையில அண்ணனோட பிரம்மாஸ்திரம் எப்பவுமே பஸ்டர் டக்ளஸ்தான். 1990 பிப்ரவரி, டோக்கியோ, உயரமான ஆளு, நல்ல ஜாப், பின்னாடியே ரைட், எட்டாவது ரவுண்ட்ல கீழ விழுந்தும் எந்திரிச்சு வந்து பத்தாவதுல டைசன படுக்க வெச்சான். டக்ளஸ் செஞ்சத அலி செய்ய மாட்டாராம்பான். நான் சொல்றது, அந்த டைசன் வேற, 1988லயே ட்ரெயினர் கெவின் ரூனிய அனுப்பிட்டான், தலைய ஆட்டுறதையே நிறுத்திட்டான், ஸ்பிங்ஸ 91 செகண்ட்ல முடிச்ச டைசன கொண்டா பேசுவோம். அப்ப அவன், சரி அப்ப நானும் 1966ல கிளீவ்லேண்ட் வில்லியம்ஸ மூணாவது ரவுண்ட்ல முடிச்ச அலியத்தான் கொண்டு வருவேன்பான். இப்படியே போகும்.

என் பக்க பாயின்ட் லெஃப்ட் ஹூக். 1962ல சோனி பேங்க்ஸ், 1963ல ஹென்றி கூப்பர், 1971ல ஃப்ரேசியர், மூணு பேரும் அலிய கீழ போட்டது லெஃப்ட் ஹூக்லதான். கைய கீழ வெச்சுக்கிட்டு நேரா பின்னாடி சாயற ஆளுக்கு அது மேலதான் வரும், டைசன விட வேகமா அத போடுறவன் எவன்? கேம்லயும் அண்ணன் பின்னாடி சாயற பழக்கத்துல அஞ்சு தடவ அப்படித்தான் விழுந்தான். உடனே "எந்திரிச்சாருல்ல, மூணு தடவயும் எந்திரிச்சாருல்ல"ன்னு கத்துவான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ரெண்டு பேருக்கும் பொதுவான ஆளுங்களும் இருக்காங்க, கேட்டா காமெடியா இருக்கும். லாரி ஹோம்ஸ் 1980ல அலிய அடிச்சாரு, அதே ஹோம்ஸ 1988ல டைசன் நாலாவது ரவுண்ட்ல முடிச்சான். ட்ரெவர் பெர்பிக் 1981ல அலியோட கடைசி ஃபைட்ல ஜெயிச்சாரு, 1986ல அதே பெர்பிக்க ரெண்டே ரவுண்ட்ல அடிச்சுத்தான் டைசன் 20 வயசுல சாம்பியன் ஆனான். இத வெச்சு டைசன்தான் பெருசுன்னு சின்ன வயசுல நானே பேசியிருக்கேன். ஓஞ்சுபோன அலிய அடிச்சவங்கள, அதுலயும் ஹோம்ஸ் 38 வயசுல இருந்தப்ப, அடிச்சதெல்லாம் ஒரு கணக்கா, இப்ப வெக்கமா இருக்கு.

கேம் கோட்ட விடுற எடம் ஒண்ணு இருக்கு, அது சின்னது இல்ல. பயம். ஸ்பிங்ஸ் ரிங்குக்குள்ள வரும்போதே பாதி தோத்துட்டாரு, மூஞ்சியப் பாத்தாலே தெரியும். டைசனோட பாதி பலம் அதுதான். அலியோட பாதி பலம் வாய், அப்ப சாம்பியனா இருந்த சோனி லிஸ்டன பைத்தியமாக்குனது, 1974ல கின்ஷாசாவுல நடந்த ஃபைட்ல ஜார்ஜ் ஃபோர்மன் காதுக்குள்ள பேசிக்கிட்டே அடி வாங்குனது. இங்க ஒவ்வொரு பாக்ஸரும் நம்பர்தான், வேகம் இவ்ளோ, பவர் இவ்ளோ. பயப்படாத ஆளுகிட்ட டைசன் என்ன பண்ணுவான், வாய் பேசி மெரட்ட முடியாத ஆளுகிட்ட அலி என்ன பண்ணுவாருன்னு எந்த நம்பர் சொல்லும்? கிளிஞ்ச், அதாவது எதிராளிய கட்டிப் புடிச்சு நிறுத்துறது, இருக்கு, ஆனா ஃப்ரேசியரோட ரெண்டாவது ஃபைட்ல அலி கழுத்தப் புடிச்சு அமுக்கிக்கிட்டே இருந்தாரே, அந்தக் கள்ளத்தனம் இதுல வரல. அது வந்திருந்தா அண்ணன் இன்னும் நாலு ஜெயிச்சிருப்பான்னு நெனைக்கிறேன், அவன்கிட்ட சொல்லல.

இந்த ஆச புதுசும் இல்ல. 1970லயே கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு அலியையும் ராக்கி மார்சியானோவையும் மோத விட்டாங்க, ரெண்டு பேரையும் நெஜமாவே ரிங்ல நடிக்க வெச்சு படம் புடிச்சு தியேட்டர்ல ஓட்டுனாங்க, 13வது ரவுண்ட்ல மார்சியானோ ஜெயிச்சதா காட்டுனாங்க. அதப் பாக்க மார்சியானோ உயிரோட இல்ல, 1969 ஆகஸ்ட்ல விமான விபத்துல போயிட்டாரு. அந்த முடிவ இன்னைக்கு எவனும் ஒத்துக்கறதில்ல.

கமென்ட்ரி ஜோ டெசிடோரும் டெடி அட்லஸும். அட்லஸ் சின்னப் பையன் டைசனுக்கு ட்ரெயினிங் குடுத்தவரு, சண்ட போட்டுக்கிட்டு பிரிஞ்சவரு, அவர் குரல்ல டைசன் ஃபைட்ட கேக்குறது தனி சொகம். பத்து ஃபைட் தாண்டுனா சொன்னதையே சொல்றாரு, ம்யூட் பண்ணிட்டோம்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். பழைய கன்சோல் வீட்ல இருந்தா தயங்காம வாங்கலாம், அதுக்காகவே கன்சோல் தேடாதீங்க, தனியா விளையாடுறவங்களுக்கு கரியர் மோட் சீக்கிரம் அலுத்துரும்.

ஸ்கோர் பதினொண்ணு ஒம்போதுன்னு அண்ணன் ஒத்துக்கவே இல்ல, பன்னண்டு ரவுண்டுக்கு பதிலா பதினஞ்சு ரவுண்டு காலத்து ஆளுய்யா அலின்னு புது கேஸ் போட்டிருக்கான். நடுவுல ஒரு தடவ அவன் ஃபோர்மன எடுத்தான், நான் டைசன். குட்டையா முன்னாடி வர்ற ஃப்ரேசியர 1973ல ரெண்டு ரவுண்டுல ஆறு தடவ கீழ போட்ட ஃபோர்மன். மொத ரவுண்ட் முடியறதுக்குள்ள நான் மூணு தடவ விழுந்தேன். அந்தப் பேச்ச இன்னும் நான் எடுக்கல.