சீப்பா, பலூனா, செலோடேப்பா? கொழும்புக் காற்றுக்கு ஏற்ற நிலைமின் பரிசோதனை

பிள்ளைக்கு வீட்டில் நிலைமின்னை, அதாவது உரசும்போது பொருள்களில் சேரும் மின்னேற்றத்தை, காட்ட வேண்டும் என்றால் எல்லோர் கையும் முதலில் சீப்புக்குத்தான் போகும். அப்புறம் பலூன். இரண்டும் நல்லவைதான். ஆனால் வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒரு மாடிவீட்டில், மே மாத மழைக்கு நடுவே செய்து பாருங்கள். கடதாசித் துண்டு அசையவே அசையாது. "சும்மா சொல்றீங்க" என்று பிள்ளை எழுந்து போய்விட்டால், அதை மறுபடி கூப்பிட்டு உட்கார வைப்பது லேசில்லை. அதனால் நம்முடைய காற்றில் எது தாக்குப்பிடிக்கும் என்று பார்த்தே தெரிவு செய்ய வேண்டும்.

இரண்டு பொருள்கள் உரசும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு இலத்திரன்கள் (அணுவில் உள்ள மறை ஏற்றத் துகள்கள்) மாறுகின்றன. பெற்றது மறை ஏற்றம் கொள்ளும், இழந்தது நேர் ஏற்றம் கொள்ளும். கொழும்பில் ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேலேயே நிற்கிறது. அந்த ஈரம் பொருளின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் படிய, சேர்ந்த ஏற்றம் அதன் வழியாக நம் கைக்கு வழிந்து போய்விடுகிறது. காற்றின் மேல் பழி போடுவோம், ஆனால் பெரும்பங்கு வேலையைச் செய்வது இந்தப் படலம்தான்.

சீப்புக்குச் செலவே இல்லை. தலை முழுகி நன்றாகக் காய்ந்த, எண்ணெய் வைக்காத முடி வேண்டும். பிளாஸ்டிக் சீப்பால் பத்துப் பதினைந்து தடவை வேகமாக வாரிவிட்டு, பொடியாகக் கிழித்த கடதாசிக்கு அருகே கொண்டு போங்கள். துண்டுகள் துள்ளி ஒட்டும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் ஒன்றிரண்டு சட்டென்று தெறித்து விழும். சீப்பைத் தொட்ட துண்டு சீப்பின் ஏற்றத்தையே வாங்கிக்கொள்ள, ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. இந்தப் பரிசோதனையின் உயிரே அந்தத் தெறிப்புத்தான், ஆனால் கண் சிமிட்டினால் தவறிவிடும்.

பலூனில் உரசும் பரப்பு அதிகம், சேரும் ஏற்றமும் அதிகம். கம்பளிச் சட்டையில் தேய்க்கச் சொல்லும் குறிப்புகள் குளிர் நாடுகளுக்கானவை. நுவரெலியாப் பயணத்துக்கு வாங்கிய ஸ்வெட்டர் இருந்தால் சரி, இல்லாவிட்டால் காய்ந்த தலைமுடியே போதும். முடி எழுந்து நிற்கும்போது பிள்ளைக்கு வரும் சிரிப்புக்கு ஈடில்லை. ஒவ்வொரு முடியும் ஒரே ஏற்றத்தைப் பெற்று அடுத்த முடியைத் தள்ளுவதால்தான் அப்படி விரிகிறது. சுவரில் ஒட்டவைப்பது மட்டும் மழைநாளில் நடக்காது. வெடித்த பலூன் துண்டு சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் அடைக்கக்கூடும், உடனே பொறுக்கிவிடுங்கள்.

குழாயிலிருந்து விழும் மெல்லிய நீரோட்டத்தை, முடியில் வாரிய சீப்பை அருகே பிடித்து வளைப்பது பார்க்க அழகு. ஆனால் ஒரு துளி சீப்பில் பட்டால் கதை முடிந்தது. இதை நான் முதலில் செய்யச் சொல்லமாட்டேன்.

என் தெரிவு செலோடேப். அரை அடியளவு ஒரு துண்டை மேசையில் ஒட்டிவிடுங்கள். அதுதான் அடித்தளம். அதன் மேல் சற்றுக் குட்டையான இரண்டு துண்டுகளை, பிடிக்க நுனியை மடித்துக்கொண்டு, பக்கம் பக்கமாக ஒட்டி, விரலால் அழுத்தித் தேயுங்கள். இப்போது இரண்டையும் விசுக்கென்று உரித்து, தொங்கவிட்டபடி நெருக்கிப் பாருங்கள். இரண்டும் விலகி வளையும்.

அடுத்து, இரண்டு துண்டுகளை அடித்தளத்தின் மேல் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, நுனியில் 'மேல்', 'கீழ்' என்று எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து மெதுவாக உரித்து, முழுநீளமும் விரலால் தடவிவிட்டு, பிறகு ஒன்றிலிருந்து ஒன்றை வேகமாகப் பிரியுங்கள். இப்போது ஒன்று நேர், மற்றது மறை ஏற்றம் பெற்றிருப்பதால் அவை பாய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

ஈரக்காற்றிலும் இது பெரும்பாலும் கைகொடுக்கிறது. பசைப்பக்கம் உரிக்கும் நொடிவரை மூடியே இருக்கிறது, ஏற்றம் அந்த நொடியில் புதிதாகப் பிரிகிறது. ஆனாலும் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே செய்துவிட வேண்டும்.

நான் இதை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம், விலக்கல் கண்ணுக்கு நேரே தெரிவது. ஈர்ப்பு ஒரு நல்ல சாட்சி இல்லை, ஏற்றமே இல்லாத உங்கள் விரலை நோக்கியும் டேப் வளையும். இரண்டுமே ஏற்றம் பெற்றவை என்று உறுதியாகச் சொல்வது விலக்கல்தான். 1733இல் பிரான்சில் சார்ள்ஸ் டு ஃபே மின்னேற்றம் இரண்டு வகை என்று கண்டறிந்ததும் இப்படி எது எதைத் தள்ளுகிறது, எது எதை இழுக்கிறது என்று கவனித்துத்தான். அதே கண்டுபிடிப்பைப் பிள்ளை சாப்பாட்டு மேசையில் தானாகச் செய்கிறது.

இதற்குப் பின் சீப்பை எடுங்கள், அதற்கு இப்போது உண்மையான வேலை இருக்கிறது. முடியில் வாரிய பிளாஸ்டிக் சீப்பு பொதுவாக மறை ஏற்றம் பெறும். அதை 'மேல்' துண்டுக்கும் 'கீழ்' துண்டுக்கும் அருகே காட்டுங்கள், தொடவேண்டாம். எது விலகி ஓடுகிறதோ அது மறை, மற்றது நேர். டேப்பின் வகையைப் பொறுத்து விடை மாறும் என்பதால் பிள்ளையே செய்துபார்த்துத்தான் சொல்ல வேண்டும். சீப்பு வேலை செய்யாவிட்டால் ஏசி அறையில் அரைமணி நேரம் வைத்துவிட்டு மறுபடி வாருங்கள், அல்லது மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில் செய்யுங்கள்.