மாதக் கடைசியும் பனைப்பெட்டிக் கடைகளும்

மாதக் கடைசி வந்தால் என் தலைக்குள் எண்கள் ஓடத் தொடங்கிவிடும். தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஒரு வவுச்சர் காணாமல் போனாலும் அன்றிரவு நித்திரை இல்லை. அப்படியான நாட்களில் வேலை முடிந்ததும் ஸ்கூட்டியை வீட்டுப் பக்கம் விடாமல் யாழ்ப்பாணம் பஸ் நிலையப் பக்கம் திருப்புவேன். பக்கத்திலுள்ள நவீன சந்தையில் பனைப் பொருட்கள் விற்கிற கடைகள்தான் என் இலக்கு. மனம் பாரமாக இருக்கிற நாளில் எங்கே போய் எதையாவது வாங்கலாம் என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

மற்ற இடங்களையும் பார்த்தாயிற்று. கார்கில்ஸ் சதுக்கத்தில் ஏசிக் குளிர் சுகம், வெயில் நாளில் அரை மணித்தியாலம் சும்மா நிற்கலாம். ஆனால் சவர்க்காரமும் பால்மாவும் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பது வீட்டு வேலையின் மிச்சம் போலத்தான் இருக்கிறது. கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். தங்கம் விற்கிற விலைக்கு அங்கே போனால் இருக்கிற நிம்மதியும் போய்விடும். ஒரு காலத்தில் இரவு 11 மணிக்குப் படுத்துக்கொண்டே போனில் ஓடர் பண்ணிப் பார்த்தேன். செருப்புத் தெரிவு செய்கிற அந்த நேரம் சந்தோஷம்தான். வந்த செருப்போ வேறு நிறம், அளவும் ஒன்று குறைவு. அதைத் திருப்பி அனுப்ப அலைந்த அலைச்சலுக்கு இன்னொரு தடவை கடைக்குப் போக வேண்டியிருந்தது.

பனைக் கடையில் பொருளுக்கு முன் வாசம் வரும். காய்ந்த ஓலை, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியல், பனங்கட்டி எல்லாம் சேர்ந்த ஒரு வாசம். தலைக்கு மேலே கடகம் என்கிற ஓலைக்கூடையும் சுளகும் தொங்கும். கீழே சாயம் போட்ட சின்னப் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும். வெளியே 750 பஸ்ஸுக்குப் பருத்தித்துறை, பருத்தித்துறை என்று கூவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், இருந்தாலும் காதில் ஏறாது. நான் வழக்கமாகப் போகிற கடையில் ஒரு அம்மா இருப்பார். "அவசரமில்லைப் பிள்ளை, ஆறுதலாப் பாருங்கோ" என்பார். எங்களூரில் ஆறுதலாக என்றால் மெதுவாக என்றுதான் அர்த்தம். மாதக் கடைசியில் எனக்கு அதன் மற்ற அர்த்தமும் கேட்கும்.

பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி வாங்குவதை ஒரு கலை என்றே சொல்வேன். வெளிச்சத்துக்குப் பிடித்து அடிநுனியைப் பார்க்க வேண்டும். பின்னல் நெருக்கமில்லையென்றால் பிட்டு மா பானைத் தண்ணீருக்குள் உதிரும். விளிம்பை விரலால் அழுத்தினால் வளைந்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். நாலைந்தை இப்படி எடுத்து வைத்து, எடுத்து வைத்துக் கடைசியில் ஒன்றைத் தெரிவு செய்யும்போது அந்த நாளில் முதல் தடவையாக ஒரு விஷயம் என் சொல்லுக்கு நடந்தது போலிருக்கும். கடைசியாக வாங்கியது 350 ரூபா. கேட்டது 400.

இது என் கற்பனை இல்லையாம். 2014-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்றும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. எதை வாங்குவது என்று நாமே முடிவெடுப்பது, கைவிட்டுப் போன பிடி திரும்பக் கிடைத்தது போன்ற உணர்வைத் தந்து சோகத்தைக் குறைக்கிறதாம். ஆனால் கோபத்தை அது குறைக்கவில்லை. அந்த இரண்டாவது பகுதிக்கு நானே சாட்சி. மேலதிகாரியோடு முறுகிக்கொண்டு போன ஒரு நாள், ஒன்றையும் தொட்டுப் பார்க்காமல் இரண்டு பெரிய கடகம் வாங்கினேன். அவற்றை ஸ்கூட்டியில் கட்ட முடியாமல் இன்னும் கோபம்தான் வந்தது. கோபமாக இருந்தால் கடைக்குப் போகாதீர்கள், நல்லூர் வீதியை ஒரு சுற்று நடவுங்கள்.

பனங்கட்டியில் மட்டும் கவனம். கருப்பநீரை, அதாவது புளிக்காத பனஞ்சாற்றை, காய்ச்சி எடுக்கிற நல்ல பனங்கட்டி கறுத்து, மென்மையாக இருக்கும், மழை நாளில் வேர்த்துக் கசியும். வேறொரு இடத்தில் நான் வாங்கிய குட்டான், அதாவது சின்ன ஓலைப்பெட்டியில் வார்த்த பனங்கட்டி, வெளிர் நிறத்தில் கல்லுப்போலக் கிடந்தது. வாயில் போட்டால் சீனிதான். அதற்குப் பிறகு ஒரு துண்டு கடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. நல்ல கடைக்காரர் தாங்களே நீட்டுவார்கள். நீட்டாவிட்டால் அடுத்த கடை.

குறைகளும் உண்டு. விலை எழுதி ஒட்டியிருக்காது, பேரம் பேசக் கூச்சப்படுகிறவர்கள் கூடக் கொடுத்துவிட்டு வருவார்கள். ஒடுங்கின நடைபாதையில் ஒருவர் குனிந்தால் பின்னால் நாலு பேர் நிற்க வேண்டும். ஸ்கூட்டி விட இடம் தேடுவது தனிப் பாடு. வெள்ளை ஓலைப் பெட்டிகளை ஈரத்தில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்லித் தருவதில்லை, நான் ஒன்றைப் பறிகொடுத்துத்தான் பழகினேன். என் கணக்கு 500 ரூபா. அதற்கு மேலே போனால் அடுத்த மாதக் கடைசி இன்னும் பாரமாகிவிடும்.

போன வெள்ளி அந்த 350 ரூபா நீத்துப்பெட்டியோடு வீட்டுக்குப் போனேன். குசினியில் ஏற்கெனவே மூன்று தொங்குகிறது. அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு, அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே கேட்டார்: "என்ன பிள்ளை, மாசம் முடியுதோ?"