பென்சில் இருந்த இடத்தில் மண்ணீரல்: ஆங்கிலத்தில் நீளச் சொல் தேடிய ஆறு வருடம்

வீட்டில் மாலை டியூஷன் எடுக்கிறேன், பெரும்பாலும் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை பாடம் கிடையாது. போர்டில் ஏழு ஆங்கில எழுத்து எழுதிப் போட்டு அதிலிருந்து எத்தனை சொல் வரும் என்று கேட்பேன். நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ விளையாட்டிலிருந்து சுட்டதுதான், மறைக்க ஒன்றுமில்லை. அதில் நடு எழுத்து கட்டாயம் வர வேண்டும், நாலு எழுத்துக்குக் குறையக் கூடாது, ஒரே எழுத்து எத்தனை முறை வந்தாலும் சரி. ஏழையும் தொட்ட சொல்லுக்குப் பேன்கிராம் என்று பேர், அதற்கு 7 புள்ளி கூடுதல். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. எனக்கோ வாரா வாரம் நீளமான சொல் ஒன்றைத் தோண்டி எடுக்கும் வேலை, அதுதான் இந்த ஆறு வருட அனுபவத்துக்குக் காரணம்.

முதலில் போனில் ஒரு இலவச ஆப் வைத்திருந்தேன். பேர் வேண்டாம். எழுத்துகளைத் தட்டினால் சொற்கள் கொட்டும், ஆனால் ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு விளம்பரம், நீளம் பார்த்து வரிசைப்படுத்த வேண்டுமென்றால் காசு. எனக்கு வேண்டியதே நீளச் சொல்தான், அதையே பூட்டி வைத்தால் எப்படி? நாலு மாதத்தில் தூக்கிவிட்டேன்.

அப்புறம் ஒன்லுக், பல அகராதிகளில் ஒரே நேரத்தில் சொல் தேடும் இணையதளம். இன்றைக்கும் வைத்திருக்கிறேன். கேள்விக்குறி போட்டால் ஒரு எழுத்து, * போட்டால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும். பின்னால் ஒரு கோலன் போட்டு அர்த்தத்தையும் சேர்த்துத் தேடலாம், அதாவது இந்த எழுத்தில் தொடங்க வேண்டும், பனி சம்பந்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டால் புரிந்துகொள்ளும். குறுக்கெழுத்து போடுகிறவர்களுக்கு இதுவே போதும். என் தேவை வேறு: இந்த ஏழு எழுத்து மட்டும், வேறெதுவும் கூடாது, ஏழும் கட்டாயம் வர வேண்டும்.

இதற்குத் தம்பி காட்டிய வழி கிரெப், பட்டியலிலிருந்து நாம் சொல்லும் அமைப்புக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும் கட்டளை. அவன் தூக்கிப் போட இருந்த பழைய மேக்புக்கிலேயே அது இருந்தது, கூடவே ஒரு சொல் பட்டியலும். கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்தேன், உண்மையில் ஒன்றுமில்லை. ^ போட்டால் சொல்லின் தொடக்கம், $ போட்டால் முடிவு, நடுவில் சதுர அடைப்புக்குள் ஏழு எழுத்து, அவை எத்தனை முறை வந்தாலும் சரி என்பதற்கு அடைப்பை ஒட்டி ஒரு *. அந்த ^, $ இரண்டையும் மறந்தீர்களானால் பட்டியல் மொத்தமும் திரையில் கொட்டும், எனக்கு முதல் வாரம் அதுதான் நடந்தது. ஏழும் கட்டாயம் என்பதற்கு ஒரு கிரெப்பின் வாலில் இன்னொரு கிரெப், அதன் வாலில் இன்னொன்று என்று எழுத்துக்கு ஒன்றாக ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போக வேண்டும். ஆசை பிடித்துக்கொண்டால் எழுத்தே திரும்பாத சொல்லும் தேடலாம்: ஒரு எழுத்து மறுபடி வருவதைப் பிடிக்கும் \(.\).*\1 என்று கொடுத்து, இதற்குப் பொருந்தாததைக் காட்டு என்று சொன்னால் போதும். கைரேகை ஆராய்ச்சிக்குப் பேரான டெர்மடோகிளிஃபிக்ஸ் அந்த ஜாதி, 15 எழுத்து, ஒன்றுகூட இரண்டாம் முறை வராது.

இப்போது மண்ணீரல் கதை. ஒரு வாரம் பி, ஈ, என், சி, ஐ, எல், எஸ் என்று ஏழு எழுத்து போட்டேன். கிரெப் எடுத்துக் கொடுத்த பேன்கிராம் ஸ்பிளீனிக், மண்ணீரல் சம்பந்தப்பட்டது என்று அர்த்தம். பிள்ளைகளை மடக்கிவிடலாம் என்று நான் உட்கார்ந்திருக்க, கடைசி வரிசையில் ஒருவன் கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டி "மிஸ், பென்சில்ஸ்!" என்றான். நான் பட்டியலைப் பார்த்து, இல்லையே என்று வாய்விட்டும் சொல்லிவிட்டேன். ஒரு நிமிஷம் வகுப்பே என்னைப் பார்த்தது. ஸ்பிளீனிக்கும் பென்சில்ஸும் அதே ஏழு எழுத்துதான், மாற்றிப் போட்டால் ஒன்று மற்றதாகிவிடும். பட்டியலுக்கு மண்ணீரல் தெரிகிறது, பென்சிலின் பன்மை தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் உட்கார்ந்து துருவினேன். மேக்கில் இருக்கும் அந்தப் பட்டியல் 1934-ல் வந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்தது. 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல் சொல் இருக்கிறது, ஆனால் அகராதியில் தலைச்சொல்லாக வருவதுதான் இருக்கும், அதன் பன்மையும் இறந்தகாலமும் அநேகமாக இருக்காது. லேப்டாப் இல்லை. ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் நடுநடுவே கலந்து கிடக்கும். நீளத்தில் முதல் வரிசையில் நிற்பது டெட்ராஅயோடோஃபீனாஃப்தலின் மாதிரி 24 எழுத்துப் பூதங்கள். பிளஸ் டூ லேபில் சொட்டுச் சொட்டாக விட்டு இளஞ்சிவப்பாக்கினோமே அந்த ஃபீனாஃப்தலினின் உறவுக்காரர்தான். பார்க்க அழகு, போர்டில் போட்டால் ஒரு பிள்ளையும் டியூஷனுக்கு வராது.

அதற்குப் பிறகு எனேபிள் பட்டியலுக்கு மாறினேன். சொல் விளையாட்டுக்காகவே தொகுத்தது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், சுமார் 1 லட்சத்து 72 ஆயிரம் சொல். எண்ணிக்கை குறைவு, ஆனால் பன்மை, இறந்தகாலம், ஐஎன்ஜி வடிவம் எல்லாம் உண்டு, ஆட்பெயர், ஊர்ப்பெயர்க் குப்பை இல்லை. எது நல்ல ஆப் என்று யாராவது கேட்டால், அது பின்னால் எந்தப் பட்டியலை வைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆப் வெறும் சல்லடை. ஸ்பெல்லிங் பீயில் ஏன் எஸ்ஸே வருவதில்லை என்பதும் பென்சில் விவகாரத்துக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த ஒரு எழுத்தை உள்ளே விட்டால் பாதி சொல்லுக்குப் பன்மை முளைத்து விளையாட்டு சப்பென்று ஆகிவிடும். நானும் நிறுத்திவிட்டேன்.

எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு எச், ஏ, பி, ஐ, டி, எல், ஒய். பஸ்ஸுக்கு வரும் பி, டீக்கு வரும் டி, தமிழில் எழுதினால் இந்தத் தொல்லை. இதில் ஹேபிட் என்று ஆரம்பிக்கும் பிள்ளைகள் ஹேபிடபிளி வரை வந்துவிடுவார்கள். கொஞ்சம் விட்டால் ஒருத்தி ஹேபிடபிலிட்டிக்குப் போய்விடுவாள்: 12 எழுத்து, ஏழே ஏழு வெவ்வேறு எழுத்தில். 12-உம் கூடுதல் 7-உம் சேர்த்து 19 புள்ளி. இந்த எபிலிட்டி வால் மாதிரி நாலைந்து வால் மனசில் இருந்தால் கிரெப்பே வேண்டாம், போர்டைப் பார்த்ததும் கண் வாலைத் தேடிப் போகும்.

குறை என்றால், கிரெப் அர்த்தம் சொல்லாது. எது பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல், எது யாருக்குமே தெரியாத சொல் என்று பிரிக்கவும் தெரியாது. அதனால் ஏழெட்டு சொல்லைப் பொறுக்கிக்கொண்டு ஒன்லுக்குக்கு ஓடுகிறேன், ஆறு வருடமாக இதே ஓட்டம்தான்.

போன மாதம் ஜி, டபிள்யூ, ஒய் மூன்றும் வரும் பத்து எழுத்துக்குக் குறையாத சொற்களைத் தேடி வகுப்பிலேயே திரையில் ஓடவிட்டேன். ராங்ஃபுல்லி மாதிரி சிலதுக்கு நடுவில் ஒரு 12 எழுத்துச் சொல். முன்வரிசைப் பெண் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மல்லிகைத் தண்ணியா மிஸ்?" என்றாள். மல்லிகடானி, நம்ம மிளகுத்தண்ணியை வெள்ளைக்காரன் சூப்பாக்கி அகராதியில் ஏற்றிய பேர் என்றேன். உடனே அதைப் போர்டில் போடச் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தால் பத்து வெவ்வேறு எழுத்து, ஏழில் அடங்காது. நான் சொன்னதை நம்பாமல் இரண்டு பேர் நோட்டில் தனியாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.