சோலார் பேனல் ‘கூலிங் கிட்’: முன்பணம் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்

“பேனல் சூடானா கரண்ட் குறையும், தண்ணி தெளிச்சா 30 சதவீதம் கூடும்” என்று சொல்லி மொட்டைமாடிகளில் தெளிப்பான் மாட்டும் வியாபாரம் கோடை வந்தால் களைகட்டுகிறது. முதல் பாதி உண்மைதான். காசு பறிபோவது இரண்டாம் பாதியில்.

3 கிலோவாட் அமைப்பு உள்ள வீடு ஒன்றில் மாட்டிக்கொடுத்தது இவ்வளவுதான்: அரை எச்பி மோட்டார், பிவிசி குழாய், ஆறு தெளிப்பான், ஒரு டைமர். தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்து. அதாவது போர் தண்ணீர். குழாயைப் பிடிக்க பேனலின் அலுமினிய ஃபிரேமிலேயே துளை போட்டிருக்கிறார்கள். ரசீதில் “கூலிங் கிட் 1 செட்” என்று ஒரே வரி. வாயால் சொன்ன 30 சதவீதம் எந்தக் காகிதத்திலும் இல்லை. மூன்றாம் மாதம் மின் விளைச்சல் பழையதைவிடக் குறைந்துபோனது. கேட்டால் “வெயில் கம்மி சார்” என்று பதில்.

இப்போது கணக்கு. பேனலின் வாட் அளவு, உள்ளே மின்சாரம் தரும் சில்லான ‘செல்’ 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் மோனோ பெர்க் என்ற பேனல் வகை ஏறத்தாழ 0.35 சதவீதம் இழக்கும். டாப்கான் என்ற இன்னொரு வகை 0.30 அளவில். சரியான எண் பேனலின் டேட்டாஷீட்டில் (கம்பெனி தரும் விவரத்தாளில்) இருக்கும். சித்திரை வெயிலில் செல் 65 டிகிரி தொட்டால் இழப்பு 14 சதவீதம். ஐஸ் கட்டியே கொட்டி 25 டிகிரிக்கு இறக்கினாலும், அந்த நேரத்தில் வந்துகொண்டிருந்ததைவிட 16 சதவீதம்தான் கூடும். 30 எங்கிருந்து வரும்? நடைமுறையில் 40 டிகிரி வரை இறங்கினால் பெரிய விஷயம். அப்போது கிடைப்பது 10 சதவீதம்.

அதுவும் உச்சி வெயில் நேரத்துக்கு மட்டும். 3 கிலோவாட் அமைப்பு நாளுக்கு 12 யூனிட் தந்தால் 11 மணி முதல் 3 மணி வரை வருவது 7 யூனிட் போல. அதில் 10 சதவீதம் 0.7 யூனிட். அரை எச்பி மோட்டார் 500 வாட் இழுக்கும். நான்கு மணி நேரத்துக்கு 2 யூனிட். டைமர் வைத்துக் கால்வாசி நேரம் ஓட்டினாலும் அரை யூனிட் போய்விடும், விட்டு விட்டுத் தெளிப்பதால் லாபமும் சுருங்கும். வீட்டு அளவில் இது தேறாது.

ஆனால் டெமோவில் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) காட்டும் எண் ஏறியதைக் கண்ணால் பார்த்தோமே என்பார்கள். ஏறும். பல நாள் தூசி படிந்த பேனலில் தண்ணீர் பட்டால் முதலில் ஏறுவது கழுவியதன் பலன். அதையும் குளிர்ச்சியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். விடியற்காலையில் பேனலை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, அன்று மதியம் டெமோ காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் வரமாட்டார்கள்.

பெரிய சேதம் உப்பால்தான். டிடிஎஸ் (லிட்டரில் கரைந்த உப்பின் மில்லிகிராம் அளவு) 1000 உள்ள போர் தண்ணீர் ஒரு லிட்டர் ஆவியானால் ஒரு கிராம் உப்பு மிஞ்சும். நாளுக்கு 30 லிட்டர் ஆவியானால் மாதம் 900 கிராம். ஒரு பங்கு வழிந்தோடும். மீதி கண்ணாடியின் கீழ் ஓரத்தில், ஃபிரேமை ஒட்டித் தண்ணீர் தேங்கும் இடத்தில் வெள்ளையாகப் பிடிக்கும். அங்கே இருக்கும் செல் வரிசை மறைந்தால் அந்தப் பேனலின் மின்னோட்டம் குறையும். தொடராக இணைத்த மற்ற பேனல்களையும் அது இழுத்துப் பிடிக்கும். மேலே கண்ணாடி பளபளவென்று இருக்க, யூனிட் மட்டும் இறங்குவது இதனால்தான். படிந்ததை எடுக்க ஆசிட் ஊற்றுவது அதைவிட மோசம்: அலுமினியம் அரிக்கும், கண்ணாடியின் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சும் கெடும்.

கொதிக்கும் கண்ணாடியில் திடீரென்று குளிர்ந்த நீர் பாய்ச்ச வேண்டாம் என்றுதான் பேனல் கையேடுகள் பலவும் சொல்கின்றன. ஃபிரேமில் புதிதாகத் துளை போட்டால் உத்தரவாதம் போச்சு. கனெக்டரில் ஈரம் இறங்கினால் காலையில் ‘ஐசொலேஷன் ஃபால்ட்’ (மின்கசிவுப் பிழை) காட்டி இன்வெர்ட்டர் எழும்பாது.

தண்ணீருக்குப் பதில் சூட்டை இறக்கப் பின்பக்கம் அலுமினியத் தகடு ஒட்டுகிறோம் என்பவர்களிடமும் உத்தரவாதத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். வீட்டு மாடி சோலாருக்கு மானியம் தரும் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் இந்தக் கூலிங் கிட்டுக்கும் மானியம் உண்டு என்பது பொய். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்பது பேனல் அமைப்புக்கான தொகை.

செலவில்லாத குளிர்ச்சி காற்றுதான். தகரக் கூரையில் பேனலை ஒட்டிப் படுக்கவைக்காமல் அடியில் 10, 15 சென்டிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாட்டிவிட்டீர்களா? மதிய டைமரை நிறுத்துங்கள். தொட்டியில் மழைநீரோ உப்பில்லாத நீரோ நிரப்பி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை விடியலில் கழுவ மட்டும் அந்தக் குழாயைப் பயன்படுத்தலாம். 30 சதவீதம் என்று சொன்ன வாட்ஸ்அப் செய்தி, நோட்டீஸ், ரசீது, மாட்டுவதற்கு முன்னும் பின்னுமான இன்வெர்ட்டர் பதிவு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.