கால் குடைச்சலுக்கு வாட்சா, மோதிரமா, கணுக்கால் பட்டையா, நோட்டா?

படுத்ததும் காலை ஆட்டியே தீர வேண்டும் என்று படுத்தும் கால் குடைச்சலை அளக்க எதை வாங்கலாம்? என் ஓட்டு நோட்டுப் புத்தகத்துக்கு.

ஸ்மார்ட் வாட்ச் தூக்கத்தைக் கணிப்பது கையசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து. குடைச்சலோ விழித்திருக்கும்போது வருவது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தால், அந்த நேரத்தையும் பல வாட்சுகள் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும். பொறுமைசாலிக்கு நல்ல மதிப்பெண்! படுத்த நேரம், எழுந்த நேரம், இரண்டு வாரச் சராசரி ஆகியவற்றுக்கு மட்டும் அதை நம்பலாம். ஆழ்தூக்க நிமிடங்களைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

ஸ்மார்ட் மோதிரமும் இதே கதைதான். உறுத்தல் குறைவு, விலை அதிகம்.

கணுக்கால் பட்டை சங்கதி வேறு. குடைச்சல் உள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்காவது தூக்கத்தில் கால் வெட்டி இழுக்கும். ஒவ்வோர் இழுப்பும் அரை நொடி முதல் 10 நொடி வரை. 5 முதல் 90 நொடிக்கு ஒருமுறை திரும்ப வரும். மணிக்கட்டுக்கு இது தெரியாது, கணுக்காலுக்குத் தெரியும். ஆனால் மூச்சுத் தடையால் வரும் உதறலை அது பிரித்துச் சொல்லாது; குறட்டையும் இருந்தால் தூக்கப் பரிசோதனைக் கூடம்தான் வழி. சாதாரண வாட்சையே கணுக்காலில் கட்டிப் பயனில்லை. அதன் செயலி கைக்காக எழுதப்பட்டது.

இனி நோட்டு. குடைச்சல் தொடங்கிய நேரம், எத்தனை முறை எழுந்து நடந்தோம், சாயங்காலக் காபி, தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை (சிலருக்கு இது குடைச்சலைக் கிளப்பும்) என்று தினமும் ஒரு வரி போதும். குடைச்சலுக்குப் பிராமிபெக்சோல் போன்ற டோபமின் வகை மருந்து சாப்பிடுபவர்களுக்கு இந்த நோட்டு கட்டாயம் என்பேன். மருந்தே நாளடைவில் நோயைக் கூட்டுவதுண்டு. ராத்திரி ஒன்பதுக்கு வந்தது சாயங்காலம் ஐந்துக்கே வரும், சிலருக்குக் கைக்கும் பரவும். தூக்கத்தை மட்டும் பார்க்கும் கருவிக்கு அந்த ஐந்து மணி கண்ணில் படாது. நோட்டில் பளிச்சென்று தெரியும். அதைக் காட்டினால் மருத்துவர் மருந்தை மாற்றுவார். நாமாகத் திடீரென நிறுத்தினால் குடைச்சல் இன்னும் மோசமாகும்.

கருவி இன்னும் வாங்கவில்லையா? சரி, அந்தக் காசில் முதலில் ஃபெரிட்டின் பரிசோதனை (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) செய்துகொள்ளுங்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2025 வழிகாட்டுதல்படி, மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுப்பதை மருத்துவர் யோசிக்கலாம். ஆய்வகச் சீட்டில் 40 இருந்தாலும் 'இயல்பு' என்றுதான் அச்சடித்திருக்கும். அதனால் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.